சிறுநீரகம் தனியாக நோயுறுவதில்லை: டர்பனுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள தமிழர் வீடுகளுக்குள் சிறுநீரக நோய் பெரும்பாலும் வேறொரு நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் நுழைகிறது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போனவரிடமோ, கண் மங்குகிறது என்று காட்டப் போனவரிடமோ, கிளினிக்கில் இருக்கும் சிஸ்டர் "உங்களுக்குக் கிட்னி கொஞ்சம் வீக்காக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார். அப்படிச் சொல்லப்பட்டவருக்கும் அவர் வீட்டாருக்கும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. குறிப்பாக, கோயில் பணிக்காகவோ வேலைக்காகவோ தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அண்மையில் வந்து, இந்த நாட்டு மருத்துவமனைகளின் நடைமுறை இன்னும் பிடிபடாதவர்களை மனத்தில் வைத்திருக்கிறேன். சிகிச்சையை மருத்துவர் முடிவு செய்வார். அவரிடம் எதைக் கேட்பது, எதைக் கையில் கொண்டு போவது, எதை நாமே தவிர்ப்பது என்பவை மட்டுமே இங்கே சொல்லப்படுகின்றன.

முதல் படி: இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்

சிறுநீரகத்தின் நிலையை ஓர் எண்ணால் அறிய முடியாது, இரண்டு வேண்டும். இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படும் ஈஜிஎஃப்ஆர், சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும். சிறுநீரில் கிரியேட்டினினுக்கு எதிராக அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்ற விகிதம், வடிகட்டி கிழிந்து கசிகிறதா என்பதைக் காட்டும். பலருக்கு இரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்துவிட்டுச் சிறுநீரை விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை நோயில் கசிவு பெரும்பாலும் முதலில் வருவதால், ஈஜிஎஃப்ஆர் 90-க்கு மேல் இருக்கும்போதே நோய் தொடங்கியிருக்கலாம். ஆகவே "சிறுநீரில் அல்புமின் பார்த்தீர்களா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஈஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே, அல்லது அல்புமின் கசிவு, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். சிஸ்டர் மூன்று மாதம் என்று சொன்னதன் காரணம் இதுவே. அந்த இரண்டாவது பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் நம்மவர்கள் அதிகமாகச் செய்வது. ஈஜிஎஃப்ஆர் 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. பரிசோதனைக்கு முந்திய இரவு பிராய் அடுப்பில் சுட்ட இறைச்சியை வயிறு நிறைய உண்டால் கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறிக் காட்டும் என்பதால், அன்று ஒரு நாள் அதைத் தள்ளிவைப்பது நல்லது.

ஊரிலிருந்து பழைய அறிக்கைகளைக் கொண்டுவந்தவர்கள் அலகுகளைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் கிரியேட்டினினை மில்லிகிராமில் எழுதுவார்கள். இங்கே மைக்ரோமோலில் எழுதுவார்கள். ஊரில் 1.5 என்று இருந்தது இங்கே 133 என்று வந்தால் நோய் நூறு மடங்கு முற்றிவிட்டதாக அர்த்தமில்லை. ஊர் எண்ணை 88-ஆல் பெருக்கினால் இங்குள்ள எண் கிடைக்கும். அதேபோல் இங்கே சர்க்கரை 7 என்றால் அது ஊர்க் கணக்கில் 126. 18-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அல்புமின் விகிதத்தில் இங்கே 3 என்பது ஊரில் ஏறத்தாழ 30. பொட்டாசியமும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையின் சதவீதமும் இரண்டு நாட்டிலும் ஒரே எண்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர், அல்புமின், பொட்டாசியம், இரத்த அழுத்தம் என்று வரிசையாக எழுதி வந்தால், எந்த மருத்துவமனைக்கு மாறினாலும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டாம் படி: கூட வந்த நோய்களைக் கணக்கெடுங்கள்

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முக்கியக் காரணங்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. அவ்வளவாக அறியப்படாதது, சிறுநீரகம் தளர்ந்த பின் அந்த நோய்களின் நடத்தையே மாறிவிடுகிறது என்பது. இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது தளரும்போது போட்ட இன்சுலின் நீண்ட நேரம் உடலில் தங்கும். பல ஆண்டு கட்டுப்படாமல் இருந்த சர்க்கரை திடீரென்று "நன்றாகக் குறைந்துவிட்டது" என்று வீட்டார் மகிழ்வார்கள். அது பல நேரங்களில் சிறுநீரகம் மேலும் தளர்ந்ததன் அடையாளம். இரவில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்தும் அதோடு வரும். இன்சுலின் அளவையும், கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகளையும் அப்போது உடனே மறுபரிசீலனை செய்யச் சொல்ல வேண்டும். இரத்தசோகை வந்துவிட்டால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை என்ற எண்ணும் நம்பகத்தை இழக்கும். விரலில் குத்திப் பார்ப்பதே மேல்.

சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவருக்குக் கண்ணின் விழித்திரையிலும் கால் நரம்புகளிலும் பாதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணையும், ஒவ்வொரு முறையும் பாதத்தையும் காட்ட வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர் பூமிதிக்கு நேர்ந்துகொண்டிருந்தால், வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றுவது பற்றிப் பூசகரிடம் முன்கூட்டியே பேசிவிடலாம். சூடு தெரியாத காலில் புண் வந்ததும் தெரியாது.

இந்த நாட்டில் எச்ஐவி பரவலாக இருப்பதால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எச்ஐவி கிருமியே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். கூட்டு மருந்தில் உள்ள டெனோபோவிர் சிலருக்கு அதன் நுண்குழாய்களைக் கெடுக்கலாம். அதே மாத்திரையில் இருக்கும் டொலுடெக்ராவிரோ, உண்மையான சேதம் எதுவும் இல்லாமலே கிரியேட்டினினைச் சற்று உயர்த்திக் காட்டும். எண் ஏறிவிட்டது என்று பயந்து தாமாக மருந்தை நிறுத்தியவர்களுக்கு நேரும் கேடு, அந்த எண்ணால் நேர்வதைவிடப் பெரியது. காசநோயும் அப்படித்தான்: சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது எளிதில் தொற்றும், அதற்கான சில மருந்துகளின் அளவைச் சிறுநீரகத்துக்கு ஏற்ப மாற்றவும் வேண்டும்.

மூன்றாம் படி: இதயத்தைக் காப்பாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட, அதற்கு முன்பே மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறப்பவர்கள் அதிகம். இது உலகம் முழுவதற்கும் பொருந்தும். டர்பனில் இதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு.

1997-இல் தியாகராஜ் சுப்ரமணி என்ற 41 வயது டர்பன்வாசி நீதிமன்றம் ஏறினார். அவருக்குச் சர்க்கரை நோய், இதய இரத்தக்குழாய் நோய், மூளை இரத்தக்குழாய் நோய் எல்லாம் இருந்தன; முந்திய ஆண்டு பக்கவாதம் வந்திருந்தது; சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்திருந்தன. தனியார் டயாலிசிஸுக்குப் பணம் தீர்ந்துபோன பின் அடிங்டன் அரசு மருத்துவமனையை நாடினார். இயந்திரங்கள் குறைவாக இருந்ததால், நாள்பட்ட நோயாளிகளில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உடையவர்களையே தொடர் டயாலிசிஸுக்கு எடுப்பது என்று மருத்துவமனை விதி வகுத்திருந்தது. அந்தத் தகுதிக்கு இதயமும் இரத்தக்குழாய்களும் பெரிய நோயின்றி இருக்க வேண்டும். அரசியலமைப்பு நீதிமன்றம் 1997 நவம்பர் 27 அன்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற அரசியலமைப்புப் பிரிவு நாள்பட்ட நோய்க்கான தொடர் டயாலிசிஸுக்குப் பொருந்தாது என்றும், உள்ள வளத்தைப் பங்கிடும் விதி நேர்மையாக இருக்கிறது என்றும் நீதிபதிகள் கூறினார்கள். அவர் சிறிது காலத்திலேயே இறந்தார்.

தென்னாப்பிரிக்காவில் சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்த வழக்கை நம் வீடுகளில் யாரும் மருத்துவப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அவரைத் தகுதியற்றவராக்கியது சிறுநீரகம் அல்ல, அதோடு கூட இருந்த நோய்கள். அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இடங்களுக்கு இன்றும் தேர்வு உண்டு. ஆகவே இரத்த அழுத்தத்தை 130/80-க்கு அருகில் வைப்பது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைத் தவறாமல் விழுங்குவது, புகையிலையை விடுவது, உடல் எடையைக் குறைப்பது ஆகியவை பிற்காலத்தில் அந்த வரிசையில் உங்களுக்கு இடம் இருக்குமா என்பதையும் முடிவு செய்யும்.

நான்காம் படி: மருந்துப் பையை மேசையில் கொட்டுங்கள்

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு மேசையில் கொட்டிப் பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மாவின் பை பெரும்பாலும் இப்படி இருக்கும்: கிளினிக்கில் கொடுத்த எனலாப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், முழங்கால் வலிக்குத் தனியார் டாக்டர் எழுதிய டைக்ளோஃபெனாக், மூலைக்கடையில் சில்லறைக்கு வாங்கிய கிராண்ட்பா தலைவலித் தூள் பொட்டலங்கள், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த, பெயர்ச்சீட்டு அழிந்துபோன சூரணப் புட்டி. இவற்றைக் கொடுத்தவர்கள் நால்வர். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

முதலில் எடுத்து வைக்க வேண்டியது வலி மாத்திரை. எனலாப்ரில் சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உள்ளே வரும் குழாயைச் சுருக்குகின்றன. நீர் மாத்திரை உடலில் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டிக்குள் அழுத்தமே இல்லாமல் போய், சில நாள்களில் சிறுநீரகம் திடீரென்று நின்றுவிடலாம். ஐபுப்ரோஃபென் என்று பெரிய எழுத்தில் போடாத மருந்துகளிலும் அது இருக்கிறது. மைப்ரோடால் ஓர் எடுத்துக்காட்டு. கிராண்ட்பா தூளில் ஆஸ்பிரினும் பாராசிட்டமாலும் காஃபீனும் கலந்திருக்கின்றன. நாள்தோறும் அதைப் பழக்கமாக்கிக்கொண்டவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், உரிய அளவில், பொதுவாகப் பாதுகாப்பானது.

எனலாப்ரிலைப் பற்றி ஒரு தவறான பயம் உண்டு. அதைத் தொடங்கியதும் கிரியேட்டினின் சிறிது ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் அது எதிர்பார்த்ததே, நிறுத்தக் கூடாது. கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தின் ஆயுளை நீட்டும் மருந்து அது. தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கப்பட வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். வறட்டு இருமல் வந்தால் லோசார்டனுக்கு மாற்றலாம். கருவுற்றிருப்பவரும் கருவுற நினைப்பவரும் இவ்விரண்டையும் எடுக்கக் கூடாது.

மெட்ஃபார்மின் ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் குறைக்கப்படும், 30-க்குக் கீழே நிறுத்தப்படும். டாபாகிளிஃப்ளோசின் என்ற புதிய வகைச் சர்க்கரை மருந்து, சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் பயன்படுகிறது என்று 2020-இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வு காட்டியது. உங்களுக்கு அது ஏற்றதா என்று கேட்கலாம்.

வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடக்கும் நாள்களில் எனலாப்ரில், நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, உண்ணவும் குடிக்கவும் முடிந்த பின் ஓரிரு நாளில் மீண்டும் தொடங்கும்படி பல மருத்துவர்கள் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் என்ன சொல்கிறார் என்பதை உடல் நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி அந்தச் சூரணப் புட்டி. மூலிகை என்றால் தீங்கில்லை என்று நம்பும் இடத்தில்தான் சிக்கல். நம் நாட்டு வைத்தியத்தில் ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்து என்று வழங்கும் செடிகள் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை மீள முடியாதபடி தழும்பாக்கும், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட செய்தி. பாதரசம், ஈயம் சேர்ந்த பற்பங்களும் செந்தூரங்களும் அதே பட்டியலில்தான். இந்த மண்ணின் மூலிகைகளுக்கும் இது பொருந்தும்: ஜூலு வைத்தியத்தில் வழங்கும் இம்பிலா என்ற கிழங்கு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரக் கெடுத்து உயிரைப் பறித்த நிகழ்வுகள் நேட்டாலில் பதிவாகியுள்ளன. பெயர் தெரியாத எதையும் விழுங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: சமையலறை

உப்புதான் முதல் வேலை. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும். 2016 முதல் ரொட்டி உள்ளிட்ட பல உணவுகளில் உப்பின் அளவைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஆனால் மாங்காய் அச்சாருக்கும் கருவாட்டுக்கும் நாம்தான் வரம்பு கட்ட வேண்டும். போலனி, வியன்னா போன்ற பதப்படுத்திய இறைச்சி, டின் மீன் ஆகியவற்றில் உப்போடு, எலும்பையும் இரத்தக்குழாயையும் கெடுக்கும் பாஸ்பேட்டும் சேர்கிறது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். எனலாப்ரில் எடுப்பவருக்கு அது சாதாரண உப்பைவிட ஆபத்தானது.

பொட்டாசியம் பற்றி அவசரப்பட வேண்டாம். இரத்தத்தில் அது உயர்ந்திருப்பவர்கள் மட்டுமே வாழைப்பழம், இளநீர், தக்காளி, உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, பீன்ஸ் கறி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். மற்றவர்கள் "கிட்னிக்கு ஆகாது" என்று காய்கறியையே விட்டுவிட்டு மெலிந்துபோவதைத்தான் அதிகம் காண்கிறோம். குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கிழங்கை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கலாம். ஒரு பழத்தை மட்டும் சிறுநீரகம் தளர்ந்த யாருமே உண்ணக் கூடாது: ஊரில் தம்பரத்தம் என்று சொல்லும் நட்சத்திரப் பழம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதிலுள்ள நச்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கும்; நிற்காத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே உலை வைக்கும்.

காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்கள் சைவ உணவால் கெடுவதில்லை. அன்றைய தினம் நீர்கூட அருந்தாமல் வெயிலில் நடப்பதுதான் கேடு. டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர் பட்டினி கிடந்தால், சர்க்கரை எண் சரியாகவே இருக்கும்போதும் இரத்தம் அமிலமாகலாம் என்பதால், அதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: யாரிடம் போவது, யார் செலவு

மெடிக்கல் எய்ட் எனப்படும் தனியார் மருத்துவக் காப்புத் திட்டம் இல்லாதவருக்கு ஆரம்ப நிலை கிளினிக் மருத்துவம் சட்டப்படி இலவசம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடுதான் மேலே போக முடியும்: சாட்ஸ்வொர்த்துக்காரர்கள் ஆர். கே. கான் மருத்துவமனைக்கும், பீனிக்ஸ்காரர்கள் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனைக்கும், அதன் பின் தேவைப்பட்டால் சிறுநீரக நிபுணர்கள் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை போன்ற இடங்களுக்கும். ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனாலோ, வேகமாக இறங்கினாலோ, கசிவு மிகுந்தாலோ, நிபுணரிடம் அனுப்பும்படி நீங்களே கேட்கலாம்.

மெடிக்கல் எய்டில் சேர்பவர்கள் காத்திருப்புக் காலத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்பவருக்குப் பொதுவாக மூன்று மாதமும், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதமும் விதிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நோயை மறைத்துச் சேர்ந்தால் பின்னால் உறுப்பினர் தகுதியே பறிபோகலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகிய மூன்றும் திட்டங்கள் கட்டாயம் ஈடுகட்ட வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளன. ஆனால் ஒவ்வொன்றையும் மருத்துவர் படிவம் நிரப்பித் தனித்தனியே பதிவு செய்தால்தான் மருந்துச் செலவு அந்தக் கணக்கில் போகும்.

ஏழாம் படி: டயாலிசிஸுக்கு முன்பே செய்ய வேண்டியவை

நான்காம் நிலையிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும். எழுதாத கையின் இரத்தக்குழாய்களைக் காப்பாற்றுங்கள். பின்னால் டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா அமைக்க அவை தேவை, அமைத்த பின் பழுக்கவும் பல வாரமாகும். இரத்தம் எடுக்க வருபவரிடம் "இந்தக் கையில் வேண்டாம், மற்றக் கையின் புறங்கையில் எடுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். மஞ்சள்காமாலை பி தடுப்பூசியை இப்போதே போட்டால் உடல் நன்றாக எதிர்வினை காட்டும். ஃப்ளூ ஊசியைக் குளிர்காலத்துக்கு முன், ஏப்ரல் மாத வாக்கில், ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும் சோர்வு வந்தால் வயதின் மேல் பழி போடாமல் ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இயந்திர டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வயிற்று வழி டயாலிசிஸை வீட்டிலேயே நாளுக்கு நான்கு முறை திரவம் மாற்றிச் செய்யலாம். கை சுத்தமும் சுத்தமான ஓர் அறையும் அதற்கு வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சை வீட்டில் சீக்கிரம் தொடங்குவது நல்லது, ஏனெனில் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே பொருத்துவது பலருக்கு மேலான பலனைத் தருகிறது. கொடுக்க முன்வரும் உறவினருக்கும் சர்க்கரையும் அழுத்தமும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டும் ஓடுவதால் நம்மவர்களில் பலர் அங்கேயே விலக்கப்படுகிறார்கள். உறவில்லாத உயிருள்ளவர் கொடுப்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். பணம் கொடுத்து வாங்குவது இங்கே குற்றம்.

பொருத்திக்கொண்டவர்கள், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை வாழ்நாள் முழுவதும் எடுப்பார்கள். பின்னாளில் அவருக்குக் காசநோய் வந்து ரிஃபாம்பிசின் தொடங்கப்பட்டால், அது டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். காசநோய்க் கிளினிக்கில் முதல் மாத்திரையை வாங்கும் அன்றே சிறுநீரகப் பிரிவுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்.